பேயாண்டி ஆடிய மதுரை மேட்ச்

பேயாண்டியிடம் ரக்பியைப் பற்றி யார் எது கேட்டாலும் சலிக்காமல் சொல்வான். கொழும்பில் மழைக்குள் ஆடியது, கல்கத்தாக்காரன் ஒருத்தன் தோளால் இடித்ததில் பல் போனது, வலது முழங்காலை எத்தனை இடத்தில் தைத்தார்கள் என்பது வரைக்கும் கைலியைத் தூக்கிக் காட்டிச் சொல்வான். அழகர்கோவில் ரோட்டில் நடந்த மதுரை மேட்சைப் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் துரைக்கு உடனே வேறு வேலை வந்துவிடும். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான்.

அப்படி என்னதான் நடந்தது அந்த மேட்சில்? அவன் நன்றாக ஆடினான். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் அப்படி ஆடினான். கொடுமையே அதுதான்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் போனால் கீழஓடைப்பட்டி. அங்கே நல்லகாமன் என்றால் இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனமும், நாலு உருப்படி மாடும், வாலிபத்தில் ஊர்க் கபடி டீமில் கணுக்கால் பிடித்த பேரும் உள்ள மனிதர். அவருக்கும் சின்னத்தாய்க்கும் பிறந்த ஒரே மகன் பேயாண்டி. குலசாமி பெயர். பயலும் அப்பனைப் போலவே கையில் சிக்கிய காலை விடமாட்டான். பதினாறு வயதில் உசிலம்பட்டிப் பக்கத்து டீம்களெல்லாம் அவன் நிற்கிற மூலைக்குப் பாடிவரப் பயந்தன.

காலேஜில் சேர்ந்த வருஷம் பி.டி. சார் ஒருவர் அவன் கையில் முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கொடுத்தார். முதல் ஆறு மாதம் விசில்தான் கேட்டது. கபடியில் பிடித்தவனை விடக்கூடாது. ரக்பியில் கீழே சாய்த்த மறுநொடி விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தப்பு. இவன் சாய்த்தவனைக் கட்டிக்கொண்டு கிடப்பான், ரெஃப்ரி விசில் ஊதிக்கொண்டு கிடப்பார். "டேய், அவன் என்ன உன் மாமன் மகளாடா? விட்டுத் தொலைடா!" என்று பி.டி. சார் எல்லைக்கோட்டில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். ஒருவழியாக விடக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட பிறகு அவனை யாரும் தாண்டவில்லை. பல்கலைக்கழக அணி, மாநில அணி, சென்னையில் ஒரு கிளப் என்று ஏறிப் போனான். ஊரில் ரக்பிக்கு அமுக்குப்பந்து என்று பெயர் வைத்தார்கள்.

நல்லகாமனுக்குத்தான் அந்த ஆட்டம் கடைசிவரை பிடிபடவில்லை. செல்போனில் ஒரு மேட்சைப் பார்த்துவிட்டு, "ஒத்த ஆளு மேல எட்டுப் பேரு விழுறானுகளே, இதெல்லாம் ஒரு வெளையாட்டாடா? நம்ம ஊர்ல இப்பிடி விழுந்தா வெட்டுக்குத்தாயிரும்" என்றார். ஆனாலும் ஊருக்குள் மகன் பெருமை பேசாத நாள் கிடையாது.

சென்னைக்குப் போனதும் கிளப் பையன்கள் பேயாண்டியைச் சுருக்கி ஆண்டி என்றார்கள். இவன் மறுக்கவில்லை. சட்டை முதுகிலும் அப்படியே அச்சடித்துக்கொண்டான். அப்பா என்ன செய்கிறார் என்று ஒருத்தன் கேட்டபோது "அக்ரி பிசினஸ்" என்றான். நாலு மாடும் இரண்டு ஏக்கரும் பிசினஸ்! பொய்யில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. முதல் வழுக்கல் அங்கேதான். அப்போதே யாராவது காதைத் திருகியிருந்தால் தேவலை.

இருபத்தாறு வயதில் காசுக்கு ஆடும் லீக் ஒன்றில் சென்னை அணிக்கு எடுத்தார்கள். ஆறு மாதத் தற்காலிக இடம்தான். லீக் தொடங்கும் முன்னால் ஊர் ஊராகப் போய் ஆட்டத்தைக் காட்டுவதற்காக, மதுரையில் ஒரு மேட்ச் வைத்தார்கள். அழகர்கோவில் ரோட்டில் ஒரு காலேஜ் மைதானம். எதிரே கல்கத்தா அணி. அந்த மேட்ச் முடிந்ததும் யாருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம், யாருக்கு டாட்டா என்று சொல்லிவிடுவதாகக் கோச் அறிவித்திருந்தார். கோச் வெளிநாட்டுக்காரர், கறார் பேர்வழி. வீட்டு ஆள் எவரும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் அந்த ஆட்டக்காரனை வீட்டுக்கே அனுப்பிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவைத்தவர்.

சொந்த ஊரில் மேட்ச். பெற்றவரைக் கூப்பிட்டானா? இல்லை. "டிக்கெட்டு கெடைக்காதுப்பா, பெரிய பெரிய ஆளுகளுக்கே இல்லையாம்" என்று போனில் புளுகினான். அன்றைக்கு டிக்கெட்டே கிடையாது, வருகிறவனெல்லாம் வரலாம். வேட்டியும் கட்டம்போட்ட துண்டுமாக அப்பா வந்து, ஊர் சத்தத்தில் "டேய் பேயா" என்று கூப்பிட்டால், ஆண்டி என்ன ஆவான் என்பதுதான் அவன் கவலை.

விஷயத்தை நல்லகாமனிடம் போட்டு உடைத்தவன் பேயாண்டியின் அத்தை மகன் அழகுபாண்டி. "மாமா, சும்மாதான் விடுறாகளாம், போயிட்டு வாங்க" என்று போனில் நோட்டீஸைக் காட்டிவிட்டான். மனிதர் சலவை வேட்டி கட்டி, மகன் டீம் முழுக்கத் தின்னட்டும் என்று ஒரு பெரிய பை நிறைய அவித்த கடலை சுமந்துகொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி முன்வரிசையில் நின்றார். பேயாண்டி பார்த்துவிட்டான். பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். பந்து கீழே கிடந்தது. விழுந்து கிடக்கிற பந்தைக் குனிந்து பறிப்பதுதான் பேயாண்டியின் வேலை. பறிக்கப் போனான். கல்கத்தாக்காரர்கள் நாலு பேர் மேலே வந்து விழுந்தார்கள். நம் ஆட்கள் மூன்று பேர் விழுந்தார்கள். அடியில் பேயாண்டி, தலைக்குப் பக்கத்தில் ஆணி வைத்த பூட்ஸ். ஆட்டத்தில் இது தினமும் நடக்கிற சங்கதி. ஆனால் கயிற்றோரம் நின்றவருக்குத் தன் பிள்ளையை ஏழு தடியன்கள் போட்டு மிதிப்பதாகத்தானே தெரியும்? எங்கள் பக்கத்துக் கபடியில் அவுட்டானவன் மேல் ஒரு கால் கூடுதலாகப் பட்டாலே கூட்டம் உள்ளே இறங்கிவிடும். இறங்காதவனைத்தான் கேவலமாகப் பேசுவார்கள்.

இறங்கிவிட்டார் நல்லகாமன். கடலைப் பையைக் கயிற்றடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரே ஓட்டம். "அடேய், விடுங்கடா எம்புள்ளய!" கல்கத்தா ஆள் ஒருத்தன் ஆறே கால் அடி. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். தடுக்க வந்த ரெஃப்ரியின் விசிலைப் பிடுங்கி எறிந்தார். மைதானம் முழுக்கச் சிரிப்பு. கமெண்ட்ரிக்காரன் மைக்கில், "உள்ளே ஒரு புது பிளேயர் வந்திருக்காரு!" என்று சொல்லிவிட்டான். ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிவிட்டார்கள்.

குவியல் கலைந்து பேயாண்டி எழுந்தான். நல்லகாமன் அவன் தாடையைப் பிடித்து, துண்டால் முகத்து மண்ணைத் துடைத்தார். "எங்கடா அடிபட்டுச்சு? ரத்தம் வருதாடா?"

மேனேஜர் ஓடி வந்தார், சென்னைக்காரர். "ஆண்டி, யாருப்பா இவரு? உனக்குத் தெரிஞ்சவரா?"

பக்கத்தில் டீம் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவின் துண்டு இன்னும் அவன் கன்னத்தில்தான் இருந்தது.

"இல்ல சார். தெரியாது" என்றான்.

ஒப்பந்தம் போய்விடுமே என்று பயந்துதான் அப்படிச் சொன்னதாகப் பிற்பாடு மனசுக்குள் ஆயிரம் தடவை வாதாடிப் பார்த்தான். பச்சைப் பொய். அந்த நொடியில் கோச்சும் நினைவில் இல்லை, ஒப்பந்தமும் நினைவில் இல்லை. அந்தச் சிரிப்பு தன் மேல் ஒட்டிவிடக் கூடாது என்கிற ஒரே எண்ணம்தான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நல்லகாமன் கன்னத்திலிருந்து துண்டை எடுத்தார். மகன் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க சார். எம்மகன்னு நெனச்சுட்டேன். தூரத்துல அவன் மாதிரியே தெரிஞ்சுச்சு. ஆள் மாறிப்போச்சு."

இரண்டு பவுன்சர் பயல்கள் அவரைக் கையோடு கை கோத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருத்தன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினான். அறுபது வயது மனிதர். பேயாண்டி அதையும் பார்த்தான். பார்த்துவிட்டு ஆடப் போனான்.

அதற்குப் பிறகு ஆடினான் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டம். யார் குறுக்கே வந்தாலும் சாய்த்தான். எதிராளி கோட்டுக்குப் பின்னால் பந்தை அழுத்தினால் ட்ரை, ஐந்து பாயிண்ட். அவன் ஆடுகிற இடத்தில் ஒருத்தர் ஒரு ட்ரை போட்டாலே பெரிய விஷயம், இவன் இரண்டு போட்டான். கோச் முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டு வருஷ ஒப்பந்தம் அன்று சாயங்காலமே கைக்கு வந்தது.

ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்குள் கடலைப் பை சுற்றி வந்தது. "எவனோ கயித்தடியில விட்டுட்டுப் போயிட்டான், செம டேஸ்ட்டு மச்சி" என்றான் ஒருத்தன். பேயாண்டிக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தின்றான். உப்புப் போட்டு அவித்த அம்மாவின் கைப்பக்குவம். ஒவ்வொரு தோலாக உரித்து அம்புட்டையும் தின்று முடித்தான்.

அன்று வீட்டுக்குப் போன் போட்டான். சின்னத்தாய் எடுத்தாள்.

"அப்பா வந்துட்டாராம்மா?"

"அப்பவே வந்து சாப்டுட்டாரு. நல்லா வெளையாண்டியாமே. சொல்லிச் சொல்லி மாளல அவருக்கு."

அப்பாவிடம் கொடு என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டான்.

அடுத்த நாலு வருஷம் ஓடியது. இரண்டு வருஷம் சென்னை, அப்புறம் கொழும்பில் ஒரு கிளப். ஊருக்கு வந்தால் நல்லகாமன் எப்போதும் போலத்தான் பேசினார். மாடு கன்று போட்டதைச் சொன்னார், கிணற்று மோட்டார் மக்கர் பண்ணுவதைச் சொன்னார். மதுரை மேட்ச் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். நாலு அறை அறைந்திருந்தால் காலில் விழுந்திருப்பான். அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி "சோத்தப் போட்டுத் தின்னுடா" என்பார். அதன்பிறகு எந்த மேட்சுக்கும் அவர் வரவும் இல்லை, இவன் கூப்பிடவும் இல்லை.

இதற்கிடையில் அந்தச் செல்போன் வீடியோ ஊர் முழுக்கப் பரவியிருந்தது. நல்லகாமன் ஓடுவது, விசிலைப் பிடுங்குவது, மகன் முகத்தைத் துடைப்பது. அதோடு முடிந்துவிடும். தன் வாயிலிருந்து வந்த சொல் அதில் இல்லை என்றாலும், ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே பேயாண்டி நினைத்தான். வழியில் யாராவது "பெத்தவன மதிக்கிற பிள்ளடா நீ" என்று சொன்னால் குத்திக்காட்டுகிறார்கள் என்று கூனிக் குறுகிப் போவான். எங்கள் ஊரில் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஆட்களுக்குப் பஞ்சமா என்ன?

போன வருஷம் கொழும்பில் முழங்கால் திருகிக்கொண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் போதும் என்றுவிட்டார். முப்பது வயதில் ஆட்டம் முடிந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலை கிடைத்து, ஊரோடு வந்துவிட்டான்.

இந்த மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயில் திடலில் கபடிப் போட்டி. ஃபைனலுக்கு முன்னால் பேயாண்டிக்குப் பொன்னாடை என்று முடிவு செய்தார்கள். ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் கொழும்பு சட்டையில் இவன், மூலையில் கும்பிட்டபடி நல்லகாமன். சாயங்காலம் நாலு மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில், புதுத் துண்டு போட்டுக்கொண்டு நல்லகாமன். ஊர்ப் பெருந்தலைகள் இருபக்கமும். பக்கத்தில் பங்காளி காளை. மைக்கில் அழகுபாண்டி.

பொன்னாடை போட்டு முடிந்ததும் அழகுபாண்டி மைக்கை நீட்டினான். "மாப்ள, மத்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும். அந்த மதுரை மேட்சச் சொல்லு மாப்ள. அதத்தான் உன் வாயால கேக்கணும்னு ஊரே உக்காந்துருக்கு."

"ஆமப்பா, அதச் சொல்லு!" என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது.

பேயாண்டிக்கு முகம் செத்துவிட்டது. சரிதான், இத்தனை நாளும் ஜாடையில் குத்தியவர்கள் இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். நழுவ வழியில்லை. அப்பாவைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார். கூச்சத்தில் ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டான் மடையன். இன்றைக்காவது எல்லார் முன்னாலும் இதை இறக்கி வைத்துவிட்டால் தனக்கும் விடிவு, அப்பாவுக்கும் மரியாதை என்று தோன்றிவிட்டது.

"உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான்" என்று தொடங்கினான். "அன்னைக்கு எங்கப்பா எனக்காக உள்ள ஓடி வந்தாரு. மேனேஜரு, இவரு யாருன்னு கேட்டாரு. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன். எங்கப்பாவத் தெரியாதுன்னு சொன்னேன். பவுன்சருங்க அவரப் பிடரியில அடிச்சு வெளிய தள்ளுனாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன். இன்னைக்கு ஊருக்கு முன்னால மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எல்லாரையும் விட எங்கப்பாகிட்ட."

சொல்லும்போதே அழுதுவிட்டான். தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எல்லாரும் இவனை விட்டுவிட்டு நல்லகாமனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காளைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏப்பா நல்லகாமா, மாலை போட்டாகன்னு சொன்னியே?"

பின்னாலிருந்து இன்னொரு குரல். "மேடையில உக்கார வச்சாகன்னு சொன்னாரே. 'இவருதான் எங்கப்பா'ன்னு இவன் கையப் புடிச்சுக் காட்டுனான்னு சொன்னாரே."

"வெள்ளக்காரக் கோச்சு காரு வச்சு அனுப்புனாருன்னாரு!" இது ஒரு இளவட்டம். நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் பேயாண்டிக்கு உறைத்தது. ஊர் அவனைக் குத்திக்காட்டவே இல்லை. நாலு வருஷமாக நிஜமாகவே மெச்சியிருக்கிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரு கதை சொல்லியிருக்கிறார். கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அதே கதைதான். டீக்கடையில், களத்தில், கல்யாண வீட்டில் என்று சொல்லிச் சொல்லி மகனின் மானத்தையும் தன் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதை மகன் மைக் வைத்து உடைத்துவிட்டான். தன் பாரத்தை இறக்கிய கையோடு அறுபத்து நாலு வயது மனிதரை ஊர் நடுவில் புளுகனாக நிறுத்திவிட்டான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, அப்படி நின்றான் பேயாண்டி. கூட்டத்தில் பெண்கள் பக்கம் சின்னத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லகாமன் எழுந்தார். வீட்டுக்குப் போகப் போகிறார் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவர் நேராக மேடைக்கு வந்து மகன் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"பய கூச்சப்படுறான்" என்றார். "சின்னப் பிள்ளையிலருந்தே அப்பிடித்தான், தன்னயத் தாழ்த்தித்தான் பேசுவான். நீங்க பொன்னாடையெல்லாம் போட்டீகளா, அதான் என்னத்தையோ உளறிட்டான். நான் சொன்னதுதேன் நடந்துச்சு. எனக்கு மாலை போட்டாக. ரோசாப்பூ மாலை. எம்மகன் எல்லாருக்கும் முன்னால, இவருதான் எங்கப்பான்னு சொன்னான்."

குரலில் நடுக்கம் இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. காளை தலையைக் குனிந்துகொண்டார். சிரித்த இளவட்டங்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் சொல்வது பொய் என்பது அந்தத் திடலில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும்.

மைக்கை மகன் வாய்க்கு நேரே நீட்டினார். அந்த நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

"சொல்லுடா. ஆமான்னு சொல்லு."



"ஆமா" என்றான். "எங்கப்பா சொல்றதுதான் நெசம்."

ஸ்பீக்கர் நாலிலும் அது கணீரென்று கேட்டது. ஒருத்தரும் நம்பவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.